பன்னிரண்டுக்கு எட்டு

மஹாலட்சுமி படகில் ஏறியதே இல்லை. 1978இல் கோவளத்து மீனவர் வீட்டில் பிறந்தவர். அண்ணன் சின்னதம்பிக்குச் சொந்தமாக டீசல் எஞ்சின் வைத்த ஃபைபர் படகு உண்டு. அந்தப் படகைத் தள்ளும் விசிறிக்கு, அதாவது புரொப்பல்லருக்கு, அளவு சொல்பவரும் இவர்தான். ஆனால் தொழில் படகில் பெண்கள் கால் வைப்பது அந்தக் குப்பத்தில் வழக்கமில்லை. எனவே தான் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு புரொப்பல்லரும் எப்படி ஓடுகிறது என்பதை அவர் கரையில் நின்று காதால் கேட்டே அறிய வேண்டியிருந்தது.

பெருங்களத்தூரில், பீர்க்கன்காரணை போகும் வழியில், அவருடைய கணவர் ஏகநாதன் ஒரு வார்ப்புப் பட்டறை நடத்துகிறார். வார்ப்பது அவர்; அளவு சொல்வது மஹாலட்சுமி. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், பத்தொன்பது ஆண்டுகளில் நானூற்றுப் பதினொரு படகுகளின் நீளம், எஞ்சின், புரொப்பல்லர் அளவு மூன்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். நான் ஓர் எஞ்சின் தொழிற்சாலையில் முப்பத்தோரு ஆண்டுகள் சோதனைப் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவன். குடியிருப்பது கிழக்குத் தாம்பரம். எஞ்சின் சுற்றை அளக்கும் கைக்கருவி ஒன்று என்னிடம் இருக்கிறது. அவருக்காகப் படகில் ஏறி அளந்து சொல்லும் வேலை 2019 முதல் என்னுடையது.

புரொப்பல்லருக்கு இரண்டு எண்கள். முதல் எண் அதன் விட்டம், அங்குலத்தில். இரண்டாவது பிட்ச்: ஒரு முழுச் சுற்றில் அது படகை எத்தனை அங்குலம் முன்னே தள்ளப் பார்க்கிறது என்பது. பிட்ச் கூடினால் காலிப் படகு பறக்கும். ஆனால் எஞ்சினுக்குத் தாங்காத பிட்ச் வைத்தால், மேட்டில் டாப் கியரில் ஏறும் லாரி போல அது திணறும். நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்று என்று எழுதிய எஞ்சின், முழு விசையில் அந்த இரண்டாயிரத்தை எட்ட வேண்டும். எட்டவில்லை என்றால் புரொப்பல்லர் பெரிது.

2023 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை. பக்கத்துப் படகை முந்த வேண்டும் என்று சின்னதம்பி ஒற்றைக்காலில் நின்றதால் மஹாலட்சுமி பன்னிரண்டுக்குப் பத்து கொடுத்தார். நான் அளந்தேன், 1,960 வந்தது. நாற்பது குறைவு, பாதகமில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். நவம்பரில் கரையிலிருந்து பதினொரு மைல் தள்ளி, சூடேறிப் பிஸ்டன் இறுகி எஞ்சின் நின்றது. சின்னதம்பியின் மகன் மதியழகனும் இன்னும் இருவரும் பத்தொன்பது மணி நேரம் மிதந்தார்கள். வேறொரு படகு இழுத்து வந்தது. யாரும் மஹாலட்சுமியைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

பிறகு அந்த ஜூலைத் தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். தேதி, காற்று, அலை, டீசல் அளவு எல்லாம் இருந்தன. படகில் என்ன சுமை என்று மட்டும் எழுதவில்லை. அன்று படகில் இருந்தது மூன்று பேர். வலை இல்லை, ஐஸ் இல்லை, மீன் இல்லை. அதை மஹாலட்சுமியிடம் சொன்னேன். "காலிப் படகு பொய் சொல்லும் சார். எனக்கும் அது தெரியும். ஆனா அன்னிக்கு நானும் கேக்கல," என்றார்.

புது எஞ்சின் வந்தது. 2024 மார்ச் 4, திங்கள் காலை, ஸ்கூட்டரின் முன்பக்கம் சாக்குப்பையில் இரண்டு புரொப்பல்லர்கள்: ஒன்று பன்னிரண்டுக்கு ஒன்பது, மற்றது பன்னிரண்டுக்கு எட்டு. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் மஹாலட்சுமி இருமுறை வண்டியை நிறுத்தி, நட்டும் அதைப் பூட்டும் பின்னும் எடுத்து வந்தோமா என்று பையைத் திறந்து பார்த்தார். புதன்கிழமை மதியழகன் அதே படகில் போகிறான்.

கரையில் சின்னதம்பி தயாராக இருந்தார். "மாட்டும்மா. ஒரு ரவுண்டு வுட்டுட்டு வந்துர்றோம்."

"ரவுண்டு வுடறது இல்ல அண்ணா. முதல்ல சுமை ஏத்து."

"புதன்கிழமை பூஜை போட்டுத்தான் வலையை ஏத்துவோம். அதுக்கு முன்னால ஏத்தக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். அதனால்தான் எல்லாப் படகும் காலியாகவே சோதனைக்குப் போகிறது. மஹாலட்சுமி ஐஸ் பெட்டியைக் காட்டி, "இதுல கடல் தண்ணி ரொப்பு. மிச்சத்துக்கு ஆளுங்களை ஏத்து. ஆளை ஏத்தக் கூடாதுன்னு சாமி ஒண்ணும் சொல்லலியே?" என்றார்.

நிழலில் உட்கார்ந்து வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒன்பது பேர் எழுந்து வந்தார்கள். நான் ஒவ்வொருவரிடமும் எடை கேட்டு எழுதினேன்.

"கல்யாணத்துக்கு முன்னாலயா, பின்னாலயா சார்?" என்றார் அன்பு. பருத்த உடம்பு.

"அன்பு அண்ணன் ஏறிட்டாரு, மத்தவன்லாம் வூட்டுக்குப் போங்கடா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

தண்ணீரும் ஆட்களுமாகச் சுமார் எண்ணூறு கிலோ. முதலில் ஒன்பது பிட்ச். அலை தாண்டி முழு விசை கொடுத்தார்கள். எஞ்சினின் பெரிய சக்கரத்தின் நடுவில் கருவியின் முனையை அழுத்தினேன். மூன்று முறை அளந்தேன்: 1,790, 1,780, 1,790. புகைக்குழாயில் கரும்புகை, எஞ்சின் திணறுவதன் அடையாளம்.

"இன்னா ஜோரா போவுது பாத்தியா!" என்றார் சின்னதம்பி.

கரைக்கு வந்ததும் மஹாலட்சுமி எண்ணைக் கேட்கவில்லை. "முக்கிகினே போச்சே," என்று மட்டும் சொன்னார். மதியழகன் நட்டைக் கழற்றி எட்டு பிட்சை மாட்டினான். அதே ஒன்பது பேர், அதே தண்ணீர். 1,980, 1,990, 1,980. புகை இல்லை. பிறகு ஆட்களை இறக்கி, தண்ணீரைக் கொட்டி, சின்னதம்பி காலியாக ஓட்டிப் பார்த்தார். வேகம் போதவில்லை.

"இன்னாம்மா இது, கட்டுமரம் நம்மள முந்திடும் போலகீது! ஒன்பதையே வுட்டுட்டுப் போ."

"நீ மீன் புடிக்கப் போறியா, ரேஸ் வுடப் போறியா?"

"ஊருக்கே அளவு சொல்றவ, அண்ணனுக்குன்னு வந்தா ஆமை வேகம் குடுக்கறா பாரு."

மஹாலட்சுமி ஒன்பது பிட்சைச் சாக்குப்பையில் போட்டு ஸ்கூட்டரில் வைத்தார். வழியில், "எட்டும் தப்பா இருந்தா சார்?" என்று கேட்டார். இருபது சுற்றுதான் குறைவு, தப்பில்லை என்றேன். "போன தடவையும் நாற்பதுதான்னு சொன்னோம்," என்றார்.

புதன்கிழமை விடிவதற்கு முன் படகு போயிற்று. பத்து மணிக்குத் திரும்ப வேண்டும். நாங்கள் 9.40க்கே கரையில் இருந்தோம். மஹாலட்சுமியின் அம்மா பொன்னி, ஏலத்துக்குக் கூடையோடு காத்திருந்தவர், மகளின் முகத்தைப் பார்த்து, "போயி உக்காருடி, நீ நின்னா மட்டும் படகு வந்துருமா?" என்றார். அவரும் உட்காரவில்லை.

பத்தரைக்குள் கூடப் போன நான்கு படகுகளும் வந்துவிட்டன. மதியழகனின் போன் எடுக்கவில்லை. கடலில் அது எடுக்காது என்று எல்லோருக்கும் தெரியும்; பதினொரு மணி வரை மஹாலட்சுமி பதினான்கு முறை போட்டார். 11.20க்குச் சின்னதம்பி வேறொரு படகைத் தள்ளச் சொல்லி ஆள் கூப்பிட்டார்.

"இரு அண்ணா," என்றார் மஹாலட்சுமி.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் கையை உயர்த்தியபடி நின்றார். நான்கு நிமிடம் கழித்துப் படகு தெரிந்தது. பாதி உடம்பு தண்ணீருக்குள் இருப்பது போலத் தாழ்ந்து, மெல்ல வந்தது. ஆனால் ஓசை அறுபடவில்லை.

மணலில் ஏறியதும் மதியழகன் குதித்தான். "அத்தை, ஒரே வலையில அவ்ளோ கெழுத்தி! வலையைத் தூக்கவே ரெண்டு மணி நேரம் ஆயிடுச்சு. இவ்ளோ பாரம் இந்தப் படகு இழுத்து நான் பாத்ததே இல்ல."

பொன்னி மீனைப் பார்க்கப் போனார். மஹாலட்சுமி போகவில்லை. கடல் பக்கம் படகோரமாகப் போய், ஏறாமல், நீரில் முழங்கால் வரை நின்று, சூடு ஆறியதும் கையை நீட்டிப் புகைக்குழாயின் வாய்க்குள் விரலை விட்டுத் துடைத்தார். போன நவம்பரில் பழைய எஞ்சினின் குழாயில் தார் போலக் கரி ஒட்டியிருந்தது. இப்போது விரலில் வந்தது உலர்ந்த, வெளிர்ச் சாம்பல்.

அதை என்னிடம் காட்டினார். "எழுதிக்குங்க சார்," என்றார். "சுமையையும் எழுதுங்க."

எழுதினேன். வந்த நேரம் 11.28. சுமை, பிறகு ஏலத்தில் எடை போட்டதும் சேர்த்தது: மீன் மட்டும் 640 கிலோ.

பின்னால் சின்னதம்பி இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "ஒன்பதா இருந்தா பத்தரைக்கே வந்திருப்பான்."

மஹாலட்சுமி திரும்பிப் பார்க்கவில்லை. விரலைக் கடல் நீரில் கழுவிவிட்டு, மீனைப் பார்க்கப் போனார்.