மூச்சையும் கேட்கும் மைக்

எந்த மைக் கைக்கு வந்தாலும் ஜோல்தோஷ் முதலில் நகத்தால் இரண்டு தட்டு தட்டுவார். பிறகு வாயருகே வைத்து ஊதுவார். ஓஷ் நகரத்துக் கல்யாண விருந்துகளை மைக் பிடித்து முப்பது வருஷம் நடத்திவைத்த கை அது. யார் எழுந்து வாழ்த்த வேண்டும், எந்த மாமனின் பேச்சை எங்கே வெட்ட வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. மைக் வாங்கப் போன கடையிலும் அப்படியே ஊதப்போக, கடைக்காரப் பெண் செசிம் பதறிப்போய் மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"இது ஊதுற மைக் இல்லண்ணே. மூச்சு விட்டாலே கேக்கும்."

"அப்ப எங்க சம்பந்தியம்மா மாதிரின்னு சொல்லு" என்றார்.

சொன்னது அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. வசந்தத்தில் தொண்டையில் நடந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் குரல் பக்கத்து அறைக்குக்கூட எட்டுவதில்லை. மனைவி புருல் "என்ன?" என்று கேட்டுக் கேட்டு அலுத்து, இப்போதெல்லாம் சும்மா தலையை ஆட்டிவைக்கிறாள். அதுதான் மனிதருக்குப் பொறுக்கவில்லை. சிறுவர் கதைகளை ஒலிப்பதிவு செய்யும் ஒருவர், வீட்டிலிருந்தே ஒரு கதை படித்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். அதுவும் கைநழுவினால், பேசியே பிழைத்தவருக்குப் பேச வேறு இடமில்லை.

செசிம் இரண்டு மைக்குகளை எடுத்து வைத்தாள். ஒன்றில் வாயை ஒட்டி உரக்கப் பேச வேண்டும். வீட்டுச் சத்தம் விழாது. மற்றது கிசுகிசுப்பைக்கூட எடுக்கும், கூடவே தெருவையும் அள்ளி வரும். கதவைத் தட்டாமலே ஊர் முழுக்க நுழைகிற வீடு என்று அவர் சொன்னதைக் கேட்டு, அதற்கு முதலாவதுதான் சரி என்றாள். நியாயமான பேச்சுதான். ஜோல்தோஷ் இரண்டாவதை எடுத்தார்.

"நான் கத்தினது போதும்மா. இனி அது கிட்ட வந்து கேக்கட்டும்."

பிடிக்காவிட்டால் மூன்று நாளில் திருப்பலாம் என்பதால் அட்டைப்பெட்டியின் மூலைகூட மடங்காமல் பார்த்துக்கொண்டார். வீட்டில், எதிரொலி வராதபடி, அடுக்கிய மெத்தைகளுக்கும் கம்பளம் தொங்கும் சுவருக்கும் நடுவே சம்மணமிட்டுப் படித்தார். முதல் நாள் பதிவில் பக்கத்து வீட்டுச் சேவல் வந்தது. மறுநாள் கெட்டில் வந்தது, அதன் பின்னாலேயே தேநீருக்கு நான்கு பேர் வந்தார்கள். வந்தவர்களை வெளியே போ என்று சொல்ல அவருக்கு நாக்கு எழாது.

மூன்றாம் நாள், புருலின் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு ஒரு பக்கம் படித்தார். மாவு படிந்த கைகளை மடியில் போட்டபடி, தலையை ஆட்டாமல் அவள் காது கொடுத்தாள்.

"கேக்குதா?" என்றார்.

"ஒவ்வொரு எழுத்தும் கேக்குது. பின்னால என்னமோ உறுமுதே?"

"ஃபிரிட்ஜ். ஞாயித்துக்கிழமை விருந்துக்கு அரை ஆடு உள்ள கிடக்கு, அதை என்ன பண்றது? விடு, திருப்பிக் குடுத்துடறேன்."

அவர் வயரைச் சுருட்டத் தொடங்கினார். புருல் எழுந்து சமையலறைக்குப் போனாள். உறுமல் நின்றது. திரும்பி வந்தவள் அவர் கையிலிருந்த வயரைப் பிடுங்கிப் பிரித்துப் போட்டாள். எதிரே உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டி, இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டாள்.