வளையாத குச்சி

டப்பென்று ஒரு குச்சி தெறித்து முதல் பெஞ்சில் விழுகிறது. வேதியியல் பேராசிரியர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "பாத்தீங்களா? நிக்க மாட்டேங்குது!" என்று குனிந்து அதைப் பொறுக்குகிறார். மறுபடியும் மூன்று கறுப்பு உருண்டைகளைக் குச்சிகளால் கோத்து முக்கோணம் கட்டப் பார்க்கிறார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் முக்கோணம் சார். விவரம் தெரிந்தவர்கள் முதல் பெஞ்சில் உட்காருவதில்லை.

கறுப்பு உருண்டைதான் கார்பன் அணு, குச்சிகள் அதன் கைகள். கார்பன் தன் கைகளை நூற்றொன்பதரை டிகிரிக்கு விரித்து வைத்துக்கொள்ளத்தான் ஆசைப்படும். மூன்று கார்பன் சேர்ந்து வளையமானால் அறுபதுக்குள் முடங்க வேண்டும். "அடிச்சு ஒக்கார வெச்சிருக்கு. சும்மாவா இருக்கும்? தட்டுறதுக்குத் தோதா ஒருத்தன் வந்தாப் போதும், பிச்சுக்கிட்டுத் தொறந்துக்கும். நாலு கார்பன் கொஞ்சம் தேவலாம். அஞ்சு, ஆறெல்லாம் கால நீட்டிப் படுத்திருக்கும், தட்டினாலும் திரும்பிப் பாக்காது" என்பார்.

கல்லூரி புதிதாக வாங்கிய பெட்டியில், சின்ன வளையங்களுக்கென்றே வளையும் குச்சிகள் உண்டு. அவர் அவற்றைத் தொடமாட்டார். "அது பொய் சொல்லும்ப்பா. உள்ள இறுக்கம் அப்படியே இருக்கும், வெளிய சிரிச்சுக்கிட்டு நிக்கும்." சக ஆசிரியர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். பிடித்த பிடியை விடுகிற ஆளா அவர்!

வீட்டைப் பற்றிக் கேட்டால், "நம்ம வீடு ஆறு கார்பன் வளையம். இத்தனை வருஷத்துல ஒரு சத்தம் கெடயாது" என்று பீற்றிக்கொள்வார். சத்தம் ஏன் இல்லை என்று அவர் மனைவியைத்தான் கேட்க வேண்டும். சாப்பாட்டு மேசை முழுக்க உருண்டையும் குச்சியுமாக இறைந்து கிடப்பதால், அந்த அம்மாள் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுகிறார். வங்கியில் வேறு ஊர்க் கிளைக்கு மேலாளராகப் போகும் வாய்ப்பு அவருக்கு இரண்டு முறை வந்தது. "நீ போயிட்டா எனக்குக் காப்பி யாரு போடுவா?" என்று இவர் சிரித்தார். அவரும் சிரித்துவிட்டு வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

மூன்றாவது வாய்ப்பு போன வாரம் வந்தது. இவர் மேசையில் முக்கோணம் கட்டிக்கொண்டிருந்தபோது, மனைவி கையைத் துடைத்தபடி வந்து நின்றார்.

"திங்கக்கிழமை போய்ச் சேரணும். சரின்னு சொல்லிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"ரெண்டு தடவ கேட்டேனே. இந்தத் தடவ முடியலைங்க. மூச்சு முட்டுது."

குரல் உயரவில்லை. பேராசிரியர் கையிலிருந்த குச்சியை மேசையில் வைத்தார். உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு ஏறினார். பரண்மேல் கிடந்த பெரிய பயணப் பெட்டியை இறக்கி, தன் சட்டை முனையால் அதன் தூசியைத் துடைக்க ஆரம்பித்தார்.