மெத்தை ஓரத்தில் ஒரு ஜோடி செருப்பு

சந்தன நிற முகூர்த்தப் புடவையின் மேல் சிவப்பாக ஒரு புள்ளி. முதலில் பார்த்தவர் மணப்பெண்ணின் அத்தை. "ஐயையோ, ரத்தம்!" என்றார். புடவையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த சலீம் பாய் பதறிப்போய், "யாருக்கும்மா குத்திச்சி? கைய காட்டுங்க, கைய காட்டுங்க" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். எல்லோர் கையும் சுத்தமாக இருந்தது. நான் கீழே பார்த்தேன். சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த பாயின் வலது பாதத்தில் விலைச்சீட்டுக் குண்டூசி ஒன்று தலை வரை இறங்கியிருந்தது. அது அவருக்குத் தெரியவே இல்லை.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் நான் ஃப்ளோர் சூப்பர்வைசர். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் கடையில் வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில்தான் வியாபாரம். சேல்ஸ்மேனும் வெறுங்கால், வாடிக்கையாளரும் வெறுங்கால். செருப்பு வாசலோடு சரி. சலீம் பாய்க்கு வயது அறுபதை நெருங்குகிறது. சர்க்கரை நோய் நெடுநாளாக உண்டு. பாதத்தில் உணர்ச்சி போய்விட்டதை அன்றுதான் அவரும் அறிந்தார், நாங்களும் அறிந்தோம்.

"வீட்டுக்குள்ளகூட வெறுங்கால்ல நடக்கக் கூடாது. புண்ணு வந்தா விரலை எடுக்க வேண்டி வரும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி, சர்க்கரை நோயாளிகளுக்கென்றே மெத்தென்ற ரப்பரில் செய்யும் எம்.சி.ஆர். செருப்பைப் போடச் சொன்னார்.

எங்கள் முதலாளி இரக்கமில்லாதவர் அல்ல. ஆனாலும் அவர் சொன்னது இது: "முகூர்த்தப் பொடவ விரிக்கிற எடம்பா. இங்க செருப்பா? பாய கோடவுனுக்கு அனுப்பிடு. ஒக்காந்து மடிச்சிக்கினு இருக்கட்டும்."

பாய் சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னார். "மொதலாளி, நான் பொடவ விரிக்கிற ஆளு. மடிக்கப் போட்டீங்கன்னா ஒரு மாசத்துல நானே நின்னுக்குவேன்."

அவர் நின்றுவிட்டால் கடைக்கு என்ன போகும் என்று எனக்குத் தெரியும். ஒரு கல்யாண பார்ட்டியில் பத்துப் பேர் பேசுவார்கள். பாய் பேசாமல் இருக்கும் பெண்ணைக் கவனிப்பார். அவள் கண் எந்தப் புடவைக்குத் திரும்பத் திரும்பப் போகிறது என்று பார்த்து, ஒதுக்கிவைத்த குவியலிலிருந்து அதை உருவி மேலே போடுவார். பேச்சு அதோடு முடியும். இதை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

பாயின் வேலையில் வெறுங்கால் எங்கே தேவைப்படுகிறது என்று யோசித்தேன். மெத்தையில் ஏறும்போது மட்டும்தான். மெத்தை ஓரத்தில் ஒரு குட்டை ஸ்டூல் போட்டோம். பாய் அதில் உட்கார்ந்து, கால் இரண்டையும் கல் தரையில் வைத்துக்கொள்வார். மெத்தையில் ஏறி எடுத்துப் போடுவது பக்கத்து சேல்ஸ்மேன் தாமு. கடைக்குள் மட்டும் போட ஒரு புது ஜோடி எம்.சி.ஆர். செருப்பு வாங்கினோம். விலைச்சீட்டுகளில் குண்டூசியை எடுத்துவிட்டு நூல் கட்டச் சொன்னேன். கட்டுகிற பெண்கள் ஒரு வாரம் என்னைத் திட்டினார்கள். பிறகு பழகிவிட்டது.

தாமு சும்மா இருப்பானா? "பாய்க்கு மாப்ள மாதிரி ஸ்டூலு. நான் மட்டும் முட்டி போட்டுக்கினு ஓடணும். நல்லா இருக்குதுபா நாயம்!"

"நீயும் சுகர் வாங்கிக்கினு வாடா. ஸ்டூல்ல பாதி தரேன்" என்றார் பாய்.

தினமும் கிளம்பும்முன் பாய் கைக்கண்ணாடியில் அடிப்பாதத்தைப் பார்த்துக்கொள்வார். "அஞ்சு வேளையும் கால் கழுவுறேன். அடியில என்னா இருக்குதுன்னு பாத்ததே இல்ல, சார்" என்றார் ஒருமுறை.

முதலாளி அரை மனதோடு ஒப்புக்கொண்டிருந்தார். "இந்த சீசன் பாக்கலாம். ஒரே ஒரு கஸ்டமர் மூஞ்சி சுளிச்சாலும் கோடவுன்தான்" என்று பாய் முன்னாலேயே சொல்லியிருந்தார்.

தென்னேரியிலிருந்து வந்த ஒரு பார்ட்டியில் அது நடந்தது. பெண்ணின் அம்மா பாயின் காலைப் பார்த்துவிட்டு, கல்லாவில் இருந்த முதலாளிக்கும் கேட்கிற குரலில் கேட்டார்: "எங்கள வாசல்ல கழட்டச் சொல்றீங்க. உங்க ஆளு மட்டும் போட்டுக்கினு ஒக்காந்திருக்கிறாரு?"

முதலாளி நிமிர்ந்தார். தாமு விரித்த புடவையைப் பிடித்தபடி நின்றான். பாய் பதறவில்லை.

"எனக்கு சுகரும்மா. கால்ல ஊசி குத்துனாலும் தெரியாது. இந்த ஜோடி ரோட்டயே பாத்ததில்லம்மா. எங்க கடைக்குள்ளயே வளர்ற புள்ள மாதிரி, வெளிய விடறதே இல்ல."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. குனிந்து அந்தச் செருப்பைப் பார்த்தார். பிறகு, "எங்க ஊட்டுக்காரரு வேன்லயே குந்தியிருக்கிறாரு. அவருக்கும் இதே கததான். கல்லுல கால் வெக்க பயம். பொண்ணுக்குப் பொடவ எடுக்கறதகூட பாக்காம... அவரும் இதுமாதிரி வரலாமா?" என்றார்.

பாய் முதலாளியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். முதலாளி கல்லாவை விட்டு எழுந்து, ஒரு ஈரத்துணியோடு தானே வாசலுக்குப் போனார். "செருப்ப தொடச்சிட்டு அப்படியே வாங்கண்ணே" என்று அழைத்துவந்தார். தாமு இன்னொரு ஸ்டூல் கொண்டுவந்தான்.

"உங்களுக்கு எந்தக் காலு?" என்று கேட்டார் வந்தவர்.

"ரெண்டும்தான். உங்களுக்கு?"

"எனக்கும்."

இருவரும் அதோடு காலை மறந்து புடவைக்குப் போனார்கள். அன்று மகளுக்கு அரக்குப் புடவையைத் தேர்ந்தெடுத்தவர் அப்பாதான். அவர்கள் போனதும் முதலாளி என்னிடம், "இன்னும் நாலு ஸ்டூலு சொல்லிடுபா" என்றார். கோடவுன் பேச்சு பிறகு எழவில்லை.

நோயோடு ஒருவர் உங்கள் முன் வந்து நின்றால், அவருடைய வேலை எது, உங்கள் கடையின் வழக்கம் எது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். சலீம் பாயின் வேலை புடவை காட்டுவது. வெறுங்கால் எங்கள் வழக்கம். அந்த வழக்கத்தை ஒரு ஸ்டூல் உயரத்துக்கு நகர்த்தினோம், ஆள் தங்கினார்.