சாம்பிராணி மணத்த ஒலிவ் எண்ணெய்

யானிஸ் இன்று காலை எங்களை விட்டுப் போய்விட்டார்...

உறவுகளே, இனி நான் சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவரும் நம்பமாட்டீர்கள். அதற்கு நானே உத்தரவாதம்.

யானிஸ், இங்கே ஜெர்மனியில், நியூரன்பேர்க் சந்தையில் ஒலிவ் எண்ணெய் விற்ற கிரேக்கர். ஊரில் அவருடைய அக்கா எலெனி குடும்ப ஆலையை நடத்த, இங்கே தம்பி விற்பார். அவருடைய லாகரில், அதுதான் சரக்குக் கிடங்கில், போத்தல் நிரப்பும் பிரதம மந்திரியாகப் பன்னிரண்டு வருடம் இருந்தவன் அடியேன்.

பறித்த காய் அன்றே அரைபட வேண்டும், சூடேறக்கூடாது, வெளிச்சம் படக்கூடாது... எக்ஸ்ட்ரா விர்ஜின் என்ற முதல்தர எண்ணெய்க்கு உள்ள காவல் எந்த மகாராணிக்கும் கிடையாது.

சந்தைக்கு வருபவர்களுக்கு ஒரு மிடறு கொடுப்பார். தொண்டை எரிந்து இருமினால் நல்ல எண்ணெய். ஒரு அம்மா இருமியதில் தேவாலய மணி தானாக அடித்தது. கண்ணால் கண்டேன்.

ஒரு கார்த்திகை விளக்கீட்டன்று புது எண்ணெய் வந்து தாங்கியில் இறங்கியது. யானிஸ் கோப்பி குடிக்கப் போயிருந்தார். போத்தல் நிரப்ப மூடியைத் திறந்தேன். நல்ல நாள், புதுச் சரக்கு... சாம்பிராணி காட்டினேன்.

புகையைக் கண்டு தீயணைப்பு வண்டிகள் ஏழு வந்தன.

பெருமையாக மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"உங்களுக்கு விசரே? எண்ணெய் மணத்தை இழுக்கும் எண்டு அந்த மனுசன் எத்தினை தரம் சொன்னவர்! தாங்கி மூடியெல்லோ கிடந்தது?"

"இல்லையப்பா..."

"ஐயோ. முடிஞ்சுது."

யானிஸ் வந்தார். சின்னக் கிளாசில் ஊற்றி, உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, மணந்தார். நான் சாம்பிராணித் தட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

"கோயில் மாதிரி மணக்குது," என்றார்.

"சாடையான மணம்தானே, ஒருத்தருக்கும் தெரியாது..."

"லேபலில எங்கட அப்பாவின்ர பேர் கிடக்கு."

தாங்கி எண்ணெய் முழுவதும் சோப்புக் காய்ச்சுகிறவரிடம் போனது. அக்காவுக்குப் போன் எடுத்துக் கிரேக்கத்தில் நெடுநேரம் பேசினார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மூடியைத் திறந்துபோட்டுச் சுருட்டுப் பத்தினது நான் எண்டு சொல்லிப்போட்டன். நீ வாயைத் திறக்காதை."

திறக்கவில்லை. அக்கா இரண்டு வருடம் அவருக்கு எண்ணெய் அனுப்பவில்லை, பேசவுமில்லை. பிறகு அனுப்பினா... ஆனால் சுருட்டுக் கதையை இன்றுவரை நம்புகிறா.

நாளை அவ விமானத்தில் வருகிறா. தம்பியின் விசுவாசமான சிநேகிதன் என்று என்னைக் கட்டிப்பிடித்து அழுவா. நேரே நின்று உண்மையைச் சொல்ல எனக்கு ஏலாது.

இந்தப் பதிவை மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்தி வாசிப்பா. அதுவும் பயம்தான். வாசிக்காமல் விட்டாலும் பயம்.

எலெனி அக்கா, தேவாலய மணி என் புளுகு. ஏழு வண்டியும் புளுகு. அந்தப் புகை மட்டும் உண்மை. அது என்னுடையது.

போயிட்டு வாங்கோ, யானிஸ்...