கோணல் பார்த்தவனின் முழங்கால்

பீங்கான் சோதனை என்பது பிறர் கோணலைக் கண்டு பிழைக்கும் புண்ணியத் தொழில். விருத்தாசலத்துப் பட்டறை ஒன்றில், சூளையிலிருந்து வரும் ஊறுகாய் ஜாடிகளைச் சமக்கல்லில் நிறுத்தி விளிம்பை ஒரு விரலால் அழுத்துவேன். ஆடினால் கழிவுக் குவியல்தான். அப்படித் தீர்ப்பு வழங்கிய காலமெல்லாம் என் கால்கள் இரண்டும் வில்லாய் வளைந்திருந்தன. முழங்கால்வலி கண்ட அன்பர்களே, இறைவனுக்கு நகைச்சுவை தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

படம் பார்த்த படலம்

ஓய்வுக்குப் பின் எனக்கு இருந்த பேறு ஒன்றே: விடியலில் கோயிலில் பதிகக் குழுவுக்கு முதற்குரல் கொடுப்பது. தரையில் சம்மணமிட்டு ஓதுவது குழுவின் விதி. முழங்கால் அவ்விதியை மீறவே மருத்துவரிடம் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எக்ஸ்ரே படத்தை மூலவரைத் தரிசிப்பதுபோல் தரிசித்தார். "உள்பக்கம் தேஞ்சி இறுகிப்போச்சுங்க ஐயா, வெளிப்பக்கம் தொளதொளன்னு கெடக்குது. மாத்திட்டா கால் நேராவும், ஆட்டமும் நிக்கும். ஆனா சம்மணத்த மறந்துடுங்க."

இல்லாள் வரவேற்பு

இரு முழங்கால்களையும் மாற்றிக்கொண்டு நிமிர்ந்து திரும்பினேன். வளர்ந்துவிட்டேன் போலும்; வேட்டி கணுக்காலுக்கு மேலேறி நின்றது. பட்ட வலிக்கு ஒரு நற்சொல் கிட்டும் என எதிர்பார்த்தது என் அறியாமை. மனைவி என்னை ஒருமுறை வலம்வந்தாள். "தெருக்கோடியில அந்த நடையப் பாத்துத்தான் டீ வைப்பேன். இனிமே வூட்டுக்குள்ள வந்து யாருன்னு சொன்னாத்தான் டீ."

மடக்கும் வேள்வி

பயிற்சி கொடுக்க வந்த பெண் கம்மாபுரத்துக்காரி. மென்மையான குரல், இரும்புக் கை. அவள் முழங்காலை மடக்கியபோது எனக்குத் தெரிந்த திருநாமங்கள் தீர்ந்து, தெரியாதவையும் வாயில் வந்தன. கால் நாற்காலியில் அமரும் அளவுக்கு மடங்கியது. அதற்குமேல் அருள் இல்லை. "சாமிய எதுக்குங்க தாத்தா கத்திக் கூப்புடுறீங்க? அவர் வந்தாலும் நான்தான் மடக்கணும்."

சந்நிதிச் சோதனை

மார்கழி பிறந்தது. நான் இல்லாத நாளில் முதற்குரல் கொடுத்தவர் கலியமூர்த்தி. பட்டறையில் அவர் வனைந்த ஜாடிகள் பலவற்றைக் குவியலுக்கு அனுப்பியவன் அடியேன். நாற்காலியோடு நுழைந்தேன். "சாமிக்கு எதிர்ல சேர் போட்டுக் குந்துறதுக்கு இது கல்யாண மண்டபமாங்க?" என்றார். இந்த இடம் போனால் எனக்கு விடியல் எதற்கு? நாற்காலியை ஓரம் தள்ளிவிட்டு, "நின்றே ஓதுகிறேன்" என்றேன். "பாதியில சாஞ்சிட்டா?" என்றார், மிகுந்த கருணையோடு.

பதிகம் பாதியைத் தாண்டியபோது முதுகுப்பக்கம் நிழலாடியது. கலியமூர்த்தி எழுந்து வந்து, என் தோளின் ஓரத்தை ஒரே விரலால் அழுத்தினார். நான் அசையவில்லை, அடுத்த பாட்டைச் சற்று உரக்கவே எடுத்தேன். முடிந்ததும் அவர் குழுவைப் பார்த்துச் சொன்னார்: "ஆடலிங்க. குவியலுக்கு அனுப்ப வழியில்ல, நாளைக்கும் இவரே எடுக்கட்டும்."

வளைத்துத் தூக்கிய திருவடியைக் கும்பிடும் ஊரில், காலை நேராக்கிக்கொண்டு வந்தவனுக்கே இத்தனை சோதனை.