மருந்துக்கடையில் நான் பட்ட கஷ்டம்

போன வாரம் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். கடைப்பெண் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை அட்டை ஒன்றைப் பாதியாகக் கத்தரித்தாள். அந்த வாடை உங்களுக்கும் தெரிந்திருக்கும், மூக்கைச் சுளிக்க வைக்கும். எனக்கோ பசித்தது. கல்லூரிக் காலத்தில் என் மதியச் சாப்பாடெல்லாம் அந்த வாடைக்கு நடுவில்தான்.

காலையில் பி.காம். வகுப்பு. மதியத்திலிருந்து இருட்டும் வரை இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டோரம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை. நான் பிளஸ் டூ முடித்த கோடையில் அப்பா வேலை பார்த்த பல்லாவரம் தோல் கம்பெனியை மூடிவிட்டார்கள். தோல் வெட்டுவதைத் தவிர அவருக்கு வேறு தெரியாது. மூச்சு இளைப்பு வேறு. ஆகவே பொறுப்பான மகள் வேலைக்குப் போனாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? கேட்டவர்கள் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள்.

வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். முட்டை எனக்கு மட்டும். தம்பி என் தட்டை எட்டிப் பார்த்தால், "அக்கா வேலைக்குப் போகுதுடா" என்று அம்மா அவன் தலையைத் திருப்பிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போது வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாலும் கிள்ள மாட்டாள். வேலை முடியும் நேரத்துக்கு அப்பா கடைக்கு எதிர்ப்பக்கம் வந்து நிற்பார். என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "காலு வலிக்குதாம்மா?" என்பார். வலிக்காது. "கொஞ்சம்பா" என்பேன்.

உண்மை என்னவென்றால், எனக்கு அந்த வேலை கொள்ளை இஷ்டம். கஷ்டமெல்லாம் வகுப்பில்தான். காஸ்ட் அக்கவுண்டிங் மிஸ் போர்டில் கோடு போட ஆரம்பித்தாலே எனக்குக் கண் சொக்கிவிடும். கடைக்குள் நுழைந்தால் தூக்கம் போன இடம் தெரியாது. கூட வேலை பார்த்த செல்வி அக்கா, "இன்னா பாப்பா, காலேஜ்ல நல்லா தூங்கிக்கினியா? வா வா, கூட்டம் நிக்குது" என்று வரவேற்பார். டாக்டர்களின் கிறுக்கலைப் படிப்பதில் நான் கில்லாடி. காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மாக்கள் சீட்டை நீட்டிவிட்டு என் வாயையே பார்ப்பார்கள். "சாப்ட்ட பிறகு குடுங்கக்கா, சரியாயிடும்" என்பேன், பாதி டாக்டர் ஆகிவிட்ட மிதப்பில்.

இதை வீட்டில் சொல்லியிருக்கலாம். ஆனால் நமக்காகப் பாவப்பட ஆள் இருப்பது ஒரு சுகம், பாருங்கள். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் நடந்த சாயங்காலங்களில் நெஞ்சு உறுத்தத்தான் செய்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் வருஷம் தொடங்கியிருந்தது. ஒரு நாள் என் பையை வாங்கியதும் அப்பா ரோட்டிலேயே நின்று சொன்னார்: "நாளைலேருந்து நீ கடைக்குப் போக வேணாம்மா. பொழிச்சலூர்ல ஒரு குடோன்ல வாட்ச்மேன் வேலை பேசிட்டேன். நீ படி, போதும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ராத்திரிப் பனியில் உட்கார்ந்தால் அவருக்கு மூச்சு இழுக்கும். கடை கைவிட்டுப் போகிறதே என்ற பதற்றமும் இருந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

"அப்பா, எனக்கு அந்த வேலை பிடிச்சிருக்குப்பா. சத்தியமா. ஜாலியா இருக்கு."

"சரிம்மா."

"கால்கூட வலிக்காதுப்பா. சும்மா சொன்னேன்."

அவ்வளவுதான், அப்பா அழ ஆரம்பித்துவிட்டார். ஷேர் ஆட்டோவுக்காக நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அப்பனுக்காக எப்படியெல்லாம் பொய் சொல்ற நீ" என்று என் தலையைத் தடவினார். நான் சத்தியம் செய்யச் செய்ய அவர் அழுகை கூடியது. அத்தனை நாள் நான் சொன்ன "கொஞ்சம்பா"வையெல்லாம் நம்பியவர், உண்மையை மட்டும் நம்ப மறுத்துவிட்டார்.

வாட்ச்மேன் வேலைக்குப் போனார். நான் முழுநேர மாணவியாகி, முன்பு வாங்கிய அதே மார்க்கைத்தான் வாங்கினேன். அந்த மார்கழிக்குப் பிறகு இன்ஹேலர் இல்லாமல் அவரால் ஒரு மாடி ஏற முடியவில்லை. நான் ஆபீஸ் வேலைக்குப் போய் அவரை உட்கார வைத்த பிறகும், வீட்டுக்கு யார் வந்தாலும் மூச்சை இழுத்துக்கொண்டே சொல்வார்: "காலேஜும் படிச்சுக்கிட்டு வேலைக்கும் போயி, இது பட்ட கஷ்டம் எனக்குத்தான் தெரியும்." வந்தவர்கள் என்னை ஏதோ தெய்வத்தைப் போலப் பார்ப்பார்கள். முதலில் மறுத்துக்கொண்டிருந்தேன். மறுக்கும்போதெல்லாம் அவர் கண் கலங்கியதால், பிறகு டீ டம்ளரை நீட்டிவிட்டுப் பேசாமல் நிற்கப் பழகினேன். அப்படி நிற்பதுதான் நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை.

ரோட்டை அகலப்படுத்தியபோது கடை போனது. செல்வி அக்கா எந்தப் பக்கம் போனார் என்று தெரியவில்லை. அப்பாவும் போய்விட்டார். நான் படாத கஷ்டத்துக்கு அழ ஒருவர் இருந்தார். அவர் மூச்சு இழுத்ததை நினைத்து இப்போது நிஜமாகவே படுகிறேன், அழ ஆளில்லை.