பாட்டரியின் மேல் விழுந்த பாக்குவெட்டி

எங்கள் காரில் பாட்டரி இருந்தது முன் இருக்கைக்கு எதிரே, கால் வைக்கும் பலகைக்கு அடியில். அதைக் கவனிப்பது என் வேலை. திருவனந்தபுரத்தில் பௌதிகம் படித்துவிட்டு வந்த எனக்கு அண்ணன் விட்டுக்கொடுத்தது அது ஒன்றைத்தான். எனக்கென்று ஒரு வரிசை உண்டு. முதலில் வளையலைக் கழற்றுவேன். அருகில் விளக்கோ பீடியோ இல்லையென்று பார்ப்பேன். பிறகுதான் பலகையைத் தூக்குவேன். பாட்டரியிலிருந்து வரும் வாயு வெடிக்க ஒரு பொறி போதும். வளையல் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டால் கையிலேயே பழுத்துவிடும்.

"ஆறு வோல்ட்டுல பல்லிகூட சாவாது, ஏட்டி" என்பான் அண்ணன்.

மதினியின் முதல் பிள்ளை, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் மாட்டுவண்டியிலேயே பிறந்து, தங்காமல் போனது. அதற்குப் பிறகுதான் அண்ணன் இந்தப் பழைய காரை வாங்கினான். இரண்டாம் முறை வலி கண்டது ஒரு சாயங்காலம். குலுக்கல் குறைவென்று மதினியை முன்னால் உட்கார வைத்தோம். நானும் அம்மாவும் பின்னால் ஏறினோம். அம்மா ஜெபம் பண்ணி முடித்ததும் புறப்பட்டோம்.

மயிலாடியைத் தாண்டி ஓடைப் பள்ளத்தில் கார் ஒரு குதி குதித்தது. என்ஜின் நின்றது. மதினியின் காலடியிலிருந்து புகை வந்தது.

மதினியைத் தாங்கி இறக்கி ஒரு பனைமரத்தடியில் நிறுத்தினேன். வயலிலிருந்து ஒருவர் எரியும் ஓலைச் சூட்டைப் பந்தமாகப் பிடித்தபடி உதவிக்கு ஓடி வந்தார். "கிட்ட வராதீங்கோ, நெருப்ப அங்க வச்சிட்டு வாங்கோ" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் அப்படியே நின்றுவிட்டார்.

வளையல்களைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பலகையைத் தூக்கினேன். பாட்டரியின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே எங்கள் வீட்டுப் பாக்குவெட்டி கிடந்தது. நடுவில் சிவக்கத் தொடங்கியிருந்தது.

அண்ணன் கையை நீட்டினான். "தள்ளு, நான் எடுக்கேன்."

"தொட்டா தோலோட வரும். மட்டை ஒண்ணு எடுத்துத் தா. காய்ஞ்சதா."

வேலியிலிருந்து ஒரு மட்டையை உருவித் தந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரே நெம்பாக நெம்பினேன். பொறி பறந்தது, பாக்குவெட்டி சாலையில் போய் விழுந்தது. பாட்டரி வெடிக்கவில்லை. எனக்குப் பாடவேண்டும் போல இருந்தது.

"ஜெபம் பண்ணிட்டுதானேம்மா ஏறினோம்? பொறவு இரும்பு என்னத்துக்கு?" என்றான் அண்ணன்.

"சுடுகாட்டு வழியால்லா போணும்? புள்ளத்தாச்சி காலடியில இரும்பு வேண்டாமா? பலகை இடுக்குல சொருகினேன்" என்றாள் அம்மா. "ஜெபம் ஜெபம், இரும்பு இரும்பு."

மதினி பனையைப் பிடித்துக்கொண்டு வலிக்கு நடுவே சிரித்தாள். "இந்தப் பொகைக்கு எந்தப் பேயும் நிக்காது, மாமி." அடுத்த வலியில் சிரிப்பு நின்றுவிட்டது.

பாட்டரியில் மிச்சமிருந்த உயிரை வீணாக்கக் கூடாது. விளக்குப் போடவேண்டாம், ஸ்டார்ட்டரையும் தொடவேண்டாம், முன்னால் கைப்பிடியைச் சொருகிச் சுற்றலாம் என்றேன். நான் ஓட்டுபவர் இருக்கையில் ஏறி, கைப்பிடி திருப்பி உதைக்காமலிருக்க ஸ்பார்க் லீவரைப் பின்னுக்கு இழுத்தேன். "கட்டைவிரலையும் மத்த விரல்களோட ஒரே பக்கமா வை, இல்லேன்னா ஒடிச்சிரும்."

"சரி டீச்சர்" என்றான் அண்ணன். ஆனாலும் விரலை மாற்றி வைத்தான்.

இரண்டாவது சுற்றில் என்ஜின் இருமியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. அண்ணனுக்கு இடம் விட்டு, மதினியை முன்னால் ஏற்றிவிட்டு, நாங்கள் பின்னால் ஏறினோம்.

நாகர்கோவில் ஆஸ்பத்திரி முற்றத்தில் மதினி தன் காலால் நடந்தே உள்ளே போனாள். "என்ஜினை நிறுத்தாதே, டைனமோ பாட்டரியை நிரப்பட்டும்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு நானும் அம்மாவும் பின்னால் ஓடினோம். அவன் அசையாமல் காரிலேயே உட்கார்ந்திருந்தான்.

வெகுநேரம் ஆகவில்லை. நான் திரும்பி ஓடி வந்து சொன்னேன். என்ஜின் இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை. "என்னட்டி? என்னாச்சு?" என்றான். முகம் வெளுத்திருந்தது. நான் கையை உள்ளே நீட்டி என்ஜினை நிறுத்தினேன்.

"பொம்பளப் பிள்ளை" என்றேன். "நல்லா அழுவுது. மதினி காப்பி கேக்காவ."